ராணிக்கு எந்தக் காலம்?

நவம்பர் 3, திங்கள்

பெர்சிஸ் மிஸ் எங்கள் ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். தினமும் ஐந்து வரி. "டைரின்னா பாஸ்ட் டென்ஸ்தான். நீங்க எழுத உக்காரும்போது அந்த நாள் முடிஞ்சிருக்கும். முடிஞ்சதுக்கு எல்லாம் பாஸ்ட் போடணும்" என்றார்.

ஐந்து வரி எழுதிவிட்டேன். எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்குப் போனேன், வந்தேன், படித்தேன். அதில் ஒரு பிழையும் இருக்காது. ஒரு விஷயமும் இருக்காது.

ஆகவே இந்த நோட்டில் தமிழில் தனியாக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முடியாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு எந்தக் காலம் போடுவது என்று மிஸ்ஸிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

என் பெயர் மாதேவி. அப்பா வைத்தது. ராணிகளின் பெயர் என்றால் அவருக்கு ஆசை. ஊர் ஏந்தல்குன்றம். ஊருக்கு மேலே ஒரு கோட்டை இருக்கிறது. திருவண்ணாமலைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் வேன் பிடித்து அதையும் பார்க்க வருவார்கள். அவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டி விளக்குவது அப்பாவின் வேலை. கோடைக்கு முன்பு வரை அரிசி ஆலையில் சூபர்வைசராக இருந்தார், அதை விட்டுவிட்டார். அம்மா பெயர் அமுலு. ஜாக்கெட் தைப்பார். இப்போது ஆரணியில் மாமா வீட்டில் இருக்கிறார். அத்தைக்குக் குழந்தை பிறந்திருப்பதால் உதவிக்குப் போயிருக்கிறார்.

குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது.

நவம்பர் 8, சனி

அப்பாவோடு கோட்டைக்குப் போனேன். அப்பா ஆங்கிலம் பேசி நான் முழுதாகக் கேட்டது இன்றுதான். பிழைகளைக் குறித்துக்கொள்ள ஒரு தாள் எடுத்துப் போயிருந்தேன். யானைக் குளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தாள் நிறைந்துவிட்டது.

முதல் பிழை மிக நன்றாக இருந்தது. கீழே நின்ற ஒரு பெண்மணி "கைடு! கைடு!" என்று கூப்பிட்டார். அப்பா மேல்படியிலிருந்து "ஐ கேம், ஐ கேம்" என்று கத்திக்கொண்டே இறங்கினார். அந்தப் பெண்மணிக்குப் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. நம்மை யாராவது கூப்பிட்டால், வருவதற்கு முன்பே "இதோ வந்துட்டேன்" என்கிறோம். அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார். தமிழில் வராத ஆள் வந்துவிட்டதாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

பெரிய பிழை வேறு. கோட்டையில் இருந்த எல்லோரையும் அப்பா நிகழ்காலத்தில் பேசுகிறார். "தி கிங் இஸ் சிட்டிங் ஹியர். தி கிங் இஸ் ஈட்டிங். தி எனிமி இஸ் கமிங்." எதிரி வருகிறான் என்றதும் ஒரு தாத்தா திரும்பிப் பார்த்தார்.

இறங்கும் வழியில் சொன்னேன். "அப்பா, எல்லாம் வாஸ், வேர்னு வரணும். நடந்து முடிஞ்சதுப்பா."

"பாஸ்ட்டுல சொன்னா எல்லாம் செத்துப்போன ஆளுங்க மாதிரி இருக்குது பாப்பா."

"செத்துதான்ப்பா போயிட்டாங்க."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆமால்ல" என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை செய்வார். அப்போது அப்பா வாசலில் போய்ச் சைக்கிளைத் துடைப்பார். எங்கள் சைக்கிள் ஊரிலேயே சுத்தமானது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அப்பா பருப்பு ரசம் வெச்சாரு."

"பெருங்காயம் போட்டாரா?"

"இல்ல."

"அதான பாத்தேன். யூனிபார்ம் பாவாடைய இறக்கித் தைக்கணுமா? வளந்திருப்பே."

"வேணாம்மா. சரியாத்தான் இருக்குது." உண்மையில் பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது. அம்மா வந்து இறக்கட்டும்.

பிறகு அம்மா குரலை மாற்றிக்கொண்டார். "உங்கப்பாகிட்ட சொல்லு. பொங்கலுக்கு மேல கவர்மென்ட் கைடு பேட்ஜ் இல்லாதவன் கோட்டைக்குள்ள ஆளக் கூட்டிகினு போகக் கூடாதாமே, பேப்பர்ல போட்டிருந்தான்னு மாமா சொன்னான். பேட்ஜ் கெடைக்கலன்னா, முழுப் பரீட்சை முடிஞ்சதும் உன்னயும் ஆரணிக்கே கூட்டியாந்துடறேன். இங்க பொம்பளப் புள்ளைங்க ஸ்கூலு பெருசா இருக்குது. லைப்ரரி இருக்குது."

லைப்ரரியை ஏன் சொன்னார் என்று தெரியும். என்னை இழுக்க அதுதான் கயிறு.

அப்பாவிடம் சொன்னேன். லைப்ரரியை விட்டுவிட்டுச் சொன்னேன். அப்பா துணியைப் பிழிந்துகொண்டே, "டிசம்பர்ல இன்டர்வியூ வெக்கிறாங்க. இங்கிலீஷ்ல" என்றார். "நீ சொல்லிக் குடுக்கிறியா?"

நவம்பர் 12, புதன்

பாடம் தொடங்கினோம். அரசு போட்ட கோட்டைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக. கட்டுவதற்கும் பில்ட், கட்டியதற்கும் பில்ட், எழுதும்போது கடைசி எழுத்து மட்டும் மாறும். அப்பா அதை "வீட்டக் கட்றதுக்கும் கட்னதுக்கும் ஒரே சத்தம்" என்று நினைவு வைத்துக்கொண்டார்.

இரவு சோறு அடி பிடித்துவிட்டது. காரணம், ஃபாட், கெப்ட், லெஃப்ட்.

நவம்பர் 15, சனி

இன்று ராணியைக் கேட்டேன்.

மேலே மேற்குப் பக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறது. ராணி மாடம் என்போம். வேனில் வந்தவர்களை அப்பா அங்கே கூட்டிப் போனதும் குரல் தணிந்துவிட்டது. பெரிய மண்டபத்தில் பேசுகிற குரல் இல்லை. அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

ராஜா, பேரரசரின் படையில் நல்ல வேலையில் இருக்கிறார். அதை விட்டுவிட்டு இந்தக் கோட்டைக்கு வருகிறார். கோட்டையில் வருமானம் இல்லை. ராணிக்குக் கோபம். ராணி சாப்பிடவில்லை. "உப்புக்கும் புளிக்கும் எவன் குடுப்பான்?" என்று கேட்கிறார். ராஜா பதில் சொல்லாமல் சன்னலைப் பார்க்கிறார். ராணி தன் அண்ணனுடைய கோட்டைக்குக் கிளம்புகிறார். ராஜா இங்கேயே, இந்தச் சன்னலிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

எல்லாம் நிகழ்காலம். ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உப்பும் புளியும் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து அரசு புத்தகத்தைத் தேடினேன். ராணியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அந்த அறைக்கு "சிறு அறை, பயன் தெரியவில்லை" என்று போட்டிருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

அப்பாவிடம் கேட்டேன். "ராணி கத எந்த புக்குல இருக்குது?"

"புக்குல இல்ல."

"அப்ப யாரு சொன்னா?"

அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "சும்மா வாயில வந்துச்சு."

"எப்பலேர்ந்து?"

"ஆடியிலேர்ந்து" என்றார்.

அம்மா அத்தைக்கு உதவி செய்யப் போனதும் ஆடியில்தான்.

நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இன்டர்வியூவில் ராணியைச் சொல்லக் கூடாது. ஆதாரம் கேட்பார்கள். கதை கட்டுகிற கைடு என்று பேட்ஜ் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். "ராணிய எடுத்துடுப்பா."

"எடுத்துட்டேன்" என்றார். வெங்காயம் நிறைய நறுக்கிவிட்டார். இரண்டு நாளைக்கு வரும்.

நவம்பர் 23, ஞாயிறு

அம்மா: "என்னா பண்றாரு உங்கப்பா?"

நான்: "இங்கிலீஷ் படிக்கிறாரு."

அம்மா, "தமிழ்லயே ஒரு வார்த்த நேரா பேசத் தெரியாது. இங்கிலீஷ்ல என்னாத்தப் பேசப் போறாரு" என்றார். பின்னால் மாமா வீட்டுக் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "நீதான் சொல்லிக் குடுக்கிறியா?"

"ஆமாம்மா."

"திட்டாத. திட்டுனா அந்த ஆளுக்கு இருக்கறதும் மறந்துடும்."

போனை வைத்ததும் அப்பா சைக்கிளோடு உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னா சொன்னா?"

"உன்னத் திட்டக் கூடாதாம்."

அப்பாவின் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை. மழை விட்டதும் கொடியில் மறுபடி துணி போடுவோமே, அப்போது ஒரு சந்தோஷம் வருமே, அந்த மாதிரி.

நவம்பர் 29, சனி

சுய அறிமுகம் பயிற்சி. இன்டர்வியூவில் முதலில் அதுதான் கேட்பார்களாம்.

"மை நேம் இஸ் ஏகாம்பரம்." சரி.

"ஐ ஹேவ் ஒன் டாட்டர். ஷி இஸ் மை இங்கிலீஷ் டீச்சர்." அதை எடுக்கச் சொன்னேன். எடுக்க மாட்டேன் என்றார்.

"மை ஒய்ஃப்ஸ் நேம்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

தமிழில் இந்த இடத்தில் நிற்கவே வேண்டாம். 'என் மனைவி பெயர் அமுலு.' அவ்வளவுதான். அதில் வினைச்சொல்லே கிடையாது. யார் எங்கே இருந்தாலும், எவ்வளவு நாள் பேசாமல் இருந்தாலும், அந்த வாக்கியம் அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் வேண்டும். இஸ்ஸா, வாஸா என்று முடிவு செய்யாமல் அமுலுவிடம் போய்ச் சேர முடியாது.

"இஸ்தான்ப்பா" என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போல.

"இஸ்தானா?"

"இஸ்தான்."

"மை ஒய்ஃப்ஸ் நேம் இஸ் அமுலு" என்றார். அதைப் பயிற்சிக்காக என்று இன்னும் பல தடவை சொன்னார். அந்த வாக்கியத்துக்கு அவ்வளவு பயிற்சி தேவையில்லை.

டிசம்பர் 3, புதன்

மழை. பள்ளி விடுமுறை. பாவாடையை நானே இறக்கித் தைக்கப் பார்த்தேன். ஊசி குத்திவிட்டது. மடிப்பு பாம்பு போல வளைந்து போகிறது. அவிழ்த்துவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

அடுத்த வாக்கியத்தில் மாட்டிக்கொண்டோம். அப்பா சொன்னது: "ஷி இஸ் லிவிங் இன் ஆரணி."

நம் ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'இங்' போடுவார்கள், அது பிழை என்று பெர்சிஸ் மிஸ் சொல்லியிருக்கிறார். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று சொன்ன நஸ்ரீனை எழுப்பி நிற்க வைத்தார். ஆகவே 'ஷி லிவ்ஸ் இன் ஆரணி' என்று திருத்தினேன். அப்பாவும் "லிவ்ஸ், லிவ்ஸ்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மதியம் இலக்கணப் புத்தகத்தில் சரி பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம், அல்லது முன்பே பார்த்திருக்க வேண்டும். லிவ்ஸ் என்றால் நிரந்தரமாக வசிக்கிறார். இஸ் லிவிங் என்றால் தற்காலிகம், இப்போதைக்கு, மாறப்போகிறது.

மாவு அரைக்கக் கொடுக்கப் போன அப்பாவைத் தேடிக்கொண்டு மாவு மில் வரைக்கும் ஓடினேன். வரிசையில் நின்றிருந்தார்.

"அப்பா, லிவ்ஸ் வேணாம். லிவிங்தான். நீ சொன்னதுதான் கரெக்ட்."

"ஏன்? இங் போட்டா தப்புன்னியே."

"சில எடத்துல தப்பு. இந்த எடத்துல... இங் போட்டா கொஞ்ச நாளைக்குன்னு அர்த்தம். போடலன்னா அங்கயே இருந்துடுவாங்கன்னு அர்த்தம்."

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். அப்பா மாவு டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப இங் போட்டுக்கலாம்" என்றார்.

டிசம்பர் 14, ஞாயிறு

அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. அப்பாவும் நானும் ஒரே விளக்கின் கீழ் படிக்கிறோம். அவர் கோட்டை, நான் அறிவியல். இன்று அம்மா போனில், "பெருங்காயம் ஆரணியில நல்லதா கெடைக்குது, யாராவது வந்தா குடுத்து அனுப்பறேன்" என்றார். அப்பாவிடம் சொன்னேன். நாளை யாராவது ஆரணிக்குப் போகிறார்களா என்று தெரு முழுதும் விசாரித்திருக்கிறார்.

டிசம்பர் 20, சனி

இன்டர்வியூ. மாவட்டத் தலைநகரத்துக்கு முதல் பஸ்ஸில் போனோம். நான் வராண்டாவில் இருந்தேன். அறையின் சன்னல் திறந்திருந்ததால் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை, சன்னல் பக்கம்தான் பெஞ்ச் போட்டிருந்தார்கள்.

உள்ளே ஒரு சார், ஒரு மேடம். அப்பா புது ரெடிமேட் சட்டை போட்டிருந்தார். கழுத்து கொஞ்சம் பெரிசு.

கோட்டையைப் பற்றிக் கேட்டார்கள். அப்பா சொன்னார். கட்டினார்கள், ஆண்டார்கள், காத்தார்கள், விட்டுப் போனார்கள். ஒரு பிழை இல்லை. எல்லாம் இறந்த காலம். ராஜா சாப்பிடவில்லை, எதிரி வரவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே வந்தது. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் தூக்கமாகவும் வந்தது. மேற்கு அறையைப் பற்றி மேடம் கேட்டபோது, "தி யூஸ் இஸ் நாட் நோன், மேடம்" என்றார். ராணி இல்லை.

பிறகு சார் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அப்பா அமுலு வரை நன்றாகப் போய்விட்டார். அடுத்து, "ஷி இஸ் லிவிங் இன் ஆரணி" என்றார்.

"லிவ்ஸ்" என்று சார் திருத்தினார். "ஷி லிவ்ஸ் இன் ஆரணி."

"நோ சார். லிவிங்."

"மிஸ்டர் ஏகாம்பரம், லிவ்ஸ் இஸ் கரெக்ட்."

"லிவ்ஸ் இஸ் கரெக்ட் சார். ஐ நோ. பட் ஷி இஸ் லிவிங்."

சார் எதையோ எழுதிக்கொண்டார். பேனா தாளில் அழுந்திய சத்தம் கூடக் கேட்டது. மேடம் மட்டும் தமிழில், "சரி விடுங்க சார், அவரு வீட்டு விஷயம்" என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்ப்பா அவர்கிட்ட போயி வாதம் பண்ண? சரி சார்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"வேற எந்த எடமா இருந்தாலும் சொல்லியிருப்பேன் பாப்பா."

பஸ்ஸில் அப்பா தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. அந்த ஒரு 'இங்' பேட்ஜைக் கொண்டுபோய்விட்டால், ஆரணியில் பெரிய லைப்ரரி இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். உதவவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

அம்மா கேட்டார்: "எப்படிப் பண்ணாராம்?"

'இங்' விஷயத்தைச் சொன்னேன். சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. லிவ்ஸ் என்றால் என்ன, லிவிங் என்றால் என்ன என்பதையும் விளக்கிச் சொன்னேன். அம்மாவுக்கு இலக்கணம் பிடிக்காது. ஆனால் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"கொழந்த அழுவுது, வெக்கிறேன்" என்றார். எனக்கு எந்த அழுகையும் கேட்கவில்லை.

ஜனவரி 1, வியாழன்

புத்தாண்டு. பெருங்காயம் வந்துவிட்டது. ஆரணியிலிருந்து வந்த பால்வண்டிக்காரர் கொடுத்தார். ரசம் வேறு வீட்டு ரசம் போல மணத்தது. இல்லை, எங்கள் வீட்டு ரசம் போல.

ஜனவரி 9, வெள்ளி

அப்பாவுக்கு பேட்ஜ் கிடைத்துவிட்டது.

முதலில் ஒரு வருடத்துக்குத்தானாம், பிறகு நீட்டிப்பார்கள். அப்பா அதைச் சட்டையில் குத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். பேட்ஜில் இருக்கும் படத்தில் கண் மூடியிருக்கிறது. "தூங்கற கைடு" என்றேன். "கூட்டத்துக்கு நடுவுல தியானம்" என்றார்.

போன் செய்யலாமா என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம அவளே பண்ணுவா, அப்ப சொல்லு" என்றார். ஞாயிறு வரை துடைக்கச் சைக்கிளில் ஒன்றும் மிச்சமில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

சொன்னேன். அம்மா "ஓ" என்றார்.

அவ்வளவுதான். பொங்கலுக்கு வருவாயா என்று கேட்டேன். "பொங்கலுக்கு ஜாக்கெட் மூட்ட மூட்டயா வந்துகெடக்குது, எங்க நகர்றது?" என்றார்.

வாசலில் நின்ற அப்பாவிடம், "சந்தோஷப்பட்டாங்க" என்று சொன்னேன். 'ஓ'வை மொழிபெயர்ப்பது கஷ்டம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நானும் அப்பாவும் வைத்தோம். பொங்கியது. இனிப்பு குறைவு.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். இன்று நடந்ததைப் பொறுமையாக எழுத வேண்டும்.

காணும் பொங்கலுக்குச் சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கோட்டைக்கு வந்துவிடும். டிக்கெட் கவுன்டரில் திருவிழா போலக் கூட்டம். அப்பா ஒரு வேனில் வந்த வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப் போனார். உள்ளூர் ஆட்கள் சிலரும் இலவசமாகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். நான், பொறுப்பான ஆள் போலத் தெரியட்டும் என்று பள்ளி யூனிபார்ம் போட்டுக்கொண்டு, கடைசியில் நடந்தேன். யாரும் வழி தவறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

களஞ்சியத்தைத் தாண்டும்போது என் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. அம்மா. மாம்பழ மஞ்சள் புடவை. தோளில் ஒரு பை. கையில் டிக்கெட்.

"டிக்கெட் எடுத்தியாம்மா?"

"எடுக்காம? உள்ள விடுவானா?" பையை என்னிடம் கொடுத்தார். என் பாவாடையைப் பார்த்தார். "சரியாத்தான் இருக்குதுன்னே."

பாவாடையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அவருகிட்ட சொல்லாத. வேலையப் பாக்கட்டும்" என்றார்.

அப்படியே கூட்டத்தோடு ஏறினோம். அப்பா பேசுவதை அம்மா நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். புரியாத மொழியில் பேசும் சொந்த மனிதரை அப்படித்தான் பார்ப்பார்கள் போல, வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்து.

ராணி மாடத்துக்கு வந்ததும் அப்பாவின் குரல் தணிந்தது. ஆனால் பேட்ஜ் போட்டவர் அல்லவா. புத்தகத்தை மீறவில்லை. வந்தவர்களில் வெள்ளை முடிக்காரர் ஒருவர், இங்கே யார் வசித்தார்கள் என்று கேட்டார். "பீப்பிள் கால் இட் குவீன்ஸ் ரூம். நத்திங் இஸ் ரிட்டன் அபவுட் ஹர்" என்றார் அப்பா.

"என்னா சொல்றாரு?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

"இது ராணி ரூமுன்னு சொல்லுவாங்களாம். ஆனா ராணியப் பத்தி ஒண்ணும் எழுதி வெக்கலயாம்."

"ஏன் எழுதல? அப்படி ஒருத்தி இருந்தாளா இல்லியா?"

அம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். அறை முழுதும் கேட்டது. அப்பா திரும்பினார்.

சன்னல் கட்டையில் வைத்த கை அப்படியே இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அப்பாவைப் பார்த்தார்கள், பிறகு அம்மாவைப் பார்த்தார்கள்.

"கேக்கறேன்ல" என்றார் அம்மா. "இருந்தாளா?"

"இருந்தா" என்றார் அப்பா. உடனே தலையை ஆட்டிக்கொண்டு, "இருக்கா" என்றார்.

வெள்ளை முடிக்காரர் அந்த அம்மாள் என்ன கேட்கிறார் என்று அப்பாவிடம் விசாரித்தார். நாங்கள் இரண்டு மாதம் படித்த ஆங்கிலம் அப்பாவிடம் ஒரு சொல் கூட இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ராணி என்று ஒருவர் இருந்தாரா என்று அம்மா கேட்டார் என்று சொன்னேன். அது சுலபம். "அண்ட் வாட் டிட் ஹி சே?" என்றார் அவர்.

இந்த இடத்தில் பெர்சிஸ் மிஸ்ஸின் விதி ஒன்று இருக்கிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும்போது இஸ் எல்லாம் வாஸ் ஆகிவிடும். நாங்கள் அரையாண்டில் எழுதினோம். எனக்கு முழு மதிப்பெண். ஆனால் இன்னும் உண்மையாகவே இருக்கிற விஷயத்தை மாற்ற வேண்டாம் என்று அதே பாடத்தின் கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

"ஹி சேஸ் ஷி இஸ்" என்றேன்.

வெள்ளை முடிக்காரரின் மனைவி வெறும் அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

வேனில் வந்தவர்கள் இறங்கிப் போன பிறகு அப்பா எங்களிடம் வந்தார். மூன்று பேரும் படி இறங்கத் தொடங்கினோம். நான் நடுவில் நடந்தேன். யார் முதலில் பேசினாலும் நன்றாக இருக்கும் என்று பட்டது. வானிலையைப் பற்றிக் கூடப் பேசலாம்.

அம்மா அப்பாவின் கழுத்தைப் பார்த்தார். "இது எங்க தெச்ச சட்ட?"

"ரெடிமேடு."

"ரெடிமேடா."

"அவசரத்துக்கு எடுத்தேன்."

"தையக்காரி ஊட்டு ஆம்பள, ரெடிமேடு போட்டுகினு ஊர் உலகத்துக்கெல்லாம் கோட்டையச் சுத்திக் காட்றாரு. காலர் பாரு, மாட்டுக்கு மணி கட்ற கயிறு மாதிரி. உள்ள இன்னொரு ஆளு பூந்துக்கலாம்."

"நீதான் இல்லியே தெச்சுக் குடுக்க."

"இருந்தா மட்டும் அளவு குடுத்துடுவீங்க. நிக்கச் சொன்னா நிப்பீங்களா ஒரு நிமிஷம்? டேப்ப எடுத்தா ராஜா காலத்துக் கத சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க."

"நீ டேப்ப எடுத்தா கழுத்த நெரிக்கற மாதிரி புடிப்ப."

"நெரிச்சிருக்கணும். மில்லு வேலைய உடும்போதே நெரிச்சிருக்கணும். ஒரு வார்த்த சொல்லல எங்கிட்ட. ஊரு பூராத் தெரிஞ்சுகினு கடைசியா எனக்குத் தெரியுது."

அப்பா நின்றுவிட்டார். "அது என் தப்பு" என்றார். "சொல்லியிருக்கணும்."

அம்மாவும் நின்றார். இந்தப் பதிலுக்கு அவர் தயாராக வரவில்லை என்று தெரிந்தது. சட்டையை மேலும் கீழும் பார்த்து, "அந்தப் பொத்தானும் தொங்குது" என்றார்.

"எங்க?"

"ரெண்டாவது. கண்ணு தெரியலயா? பேட்ஜ் போட்டோவுல மட்டுந்தான் கண்ண மூடிகினு இருக்கீங்கன்னு பாத்தேன்."

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருப்பதற்குக் கஷ்டப்பட்டார். அதன் பிறகு இறங்குகிற வழியெல்லாம் சண்டைதான். பெருங்காயம், மாமா, மில் முதலாளி, ஒரு தடவை யாருடைய கல்யாணத்திலோ அப்பா சொன்ன ஏதோ ஒன்று. படிக்கட்டில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஆடி மாதத்துக்கு முன்பு வீட்டில் இருந்த அந்த அமைதியை நினைத்துக்கொண்டேன். அப்போது இரண்டு பேரும் ஒரு வார்த்தை கூடச் சண்டை போடவில்லை.

நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். தோள் மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. அடியில் ஏதோ கூர்மையாக இருந்து, ஒவ்வொரு படிக்கும் என் இடுப்பில் இடித்தது. கீழே வந்து தடவிப் பார்த்தேன். அம்மா ஜாக்கெட் துணி வெட்டும் பெரிய கத்தரி.

கோட்டையை ஒரு நாள் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அதை எடுத்து வர மாட்டார்கள்.